எங்க கிணறும் மூணு பாஸ்டர்களும்

ரெண்டு வாரமா எதுவும் எழுதல. நடவு வேலை. ஆள் கிடைக்காம அலைஞ்சு, கடைசியில பக்கத்து ஊர்ல இருந்து வேன் வச்சுக் கூட்டிட்டு வந்து நட்டு முடிச்சாச்சு. இப்பதான் உக்கார நேரம் கிடைச்சிருக்கு.

போன ஞாயித்துக்கிழமை என் மகனோட நண்பர்கள் ரெண்டு பேர் சென்னையில இருந்து வந்திருந்தாங்க. காலையில பத்து மணிக்கு வரப்புல நின்னு பேசிக்கிட்டு இருந்தோம். மேற்கால காலனிப் பக்கம் இருந்து டிரம்ஸ் சத்தம், கூடவே பாட்டு. "அங்கிள், இந்தச் சின்ன ஊர்லயும் பெந்தெகொஸ்தே சபையா? வெளிநாட்டுக் காசா?"ன்னு ஒரு தம்பி கேட்டாரு. நான் சிரிச்சுட்டு விட்டுட்டேன். ராத்திரி படுத்தா தூக்கம் வரல. அந்தச் சபையோட கதையில எங்க வீட்டுக் கதையும் கொஞ்சம் இருக்கு. அதை எழுதிடலாம்னு தோணுச்சு.

எங்க ஊரு வத்திராயிருப்புப் பக்கம். மேற்க மலை, பிளவக்கல் அணைத் தண்ணி, நெல்லும் தென்னையும். இந்தப் பக்கத்துக்கு 'அல்லேலூயா' புதுசு இல்ல. பக்கத்துலயே கிறிஸ்தியான்பேட்டைன்னு ஒரு ஊரு இருக்கு. அருளப்பன்னு ஒரு தமிழ் உபதேசியார் உண்டாக்கினது. வெள்ளைக்காரன் மிஷன் சம்பளம் வேண்டாம், கடவுள் குடுக்குறதுல பொழைச்சுக்கிறேன்னு இருந்த மனுஷன். 1860ல அவரோட சபைகள்ல ஜனங்க நடுங்கி விழுந்தாங்க, புரியாத பாஷையில பேசினாங்கன்னு எழுதி வச்சிருக்காங்க. அமெரிக்காவுல லாஸ் ஏஞ்சல்ஸ் அசூசா தெருவுல, அடிமையா இருந்தவங்களுக்குப் பொறந்த சீமோர்ங்கிற கறுப்பினப் போதகர் கூட்டம் நடத்தி, பெந்தெகொஸ்தேங்கிறது உலகம் முழுக்கப் பரவினது 1906ல. அதுக்கு 46 வருஷம் முன்னாடியே நம்ம மலையடிவாரத்துல நடந்திருக்கு. வெளிநாட்டுக் காசான்னு கேட்ட தம்பிக்கு அன்னைக்கே இதைச் சொல்லியிருக்கலாம்.

ஆனா எங்க ஊருக்கு அது வந்தது 1983ல, ஒரு பழைய சைக்கிள்ல.

முதல் பாஸ்டர் கன்னியாகுமரிப் பக்கத்துக்காரர். வெள்ளை வேட்டி, வெள்ளை ஜிப்பா, கையில துணிப்பை, அதுக்குள்ள பைபிளும் ஒரு கஞ்சிராவும். கல்யாணம் பண்ணிக்கல. சிலோன் பெந்தெகொஸ்தேன்னு ஒண்ணு உண்டு. கேரளாவுல பொறந்து இலங்கைக்குப் போன ராமன்குட்டிங்கிறவர் பால்னு பேர் மாறி, 1920கள்ல கொழும்புல ஆரம்பிச்சது. ஊழியக்காரங்க கல்யாணம் பண்ணிக்கமாட்டாங்க, வெள்ளைதான் உடுத்துவாங்க, நகை போடமாட்டாங்க, மருந்து சாப்பிடமாட்டாங்க. சென்னையில இருக்கிறவங்க இரும்புலியூர்ல அவங்க இடத்தைப் பார்த்திருப்பீங்க. எங்க ஊருக்கு வந்தவர் அந்த அமைப்பைச் சேர்ந்தவர் இல்ல. ஆனா அந்த வழியில பழகினவர். தனியா வந்தார், காலனியில ஒரு ஓலை வீட்டுத் திண்ணையில ஜெபம் ஆரம்பிச்சார்.

காலனியில ஏற்கெனவே ரெண்டு மூணு சி.எஸ்.ஐ. குடும்பம் உண்டு. ஐயர் மாசம் ஒருக்க வந்து ஆராதனை நடத்திட்டுப் போவார். இவரு அங்கயே தங்கினார். குடிச்சிட்டு விழுந்து கிடந்தவனைத் தூக்கிட்டு வந்து திண்ணையில படுக்க வச்சார். அவங்க வீட்டுல கஞ்சி குடிச்சார். ராத்திரி கஞ்சிரா சத்தமும் கைத்தட்டும் எங்க தெரு வரைக்கும் கேக்கும். எங்க தெருவுல அவங்களுக்கு 'அல்லேலூயாக்காரங்க'ன்னு பேரு. பசங்க நாங்க அவங்களை மாதிரியே கத்தி விளையாடுவோம். அவர் சைக்கிள்ல போகும்போது, "என்ன மக்கா, பாட்டு நல்லாப் படிச்சாச்சா?"ன்னு கேட்டுட்டுப் போவார். கோவிச்சுக்கமாட்டார்.

1985ல ஏழு பேருக்கு ஞானஸ்நானம் குடுக்கணும். அவங்க வழக்கப்படி தலையில தண்ணி தெளிச்சா போதாது, ஆள் முழுசா முங்கி எழுந்திரிக்கணும். அந்த வருஷம் கண்மாய் காஞ்சு கிடந்தது. படி வச்ச கிணறுன்னு பார்த்தா பக்கத்துல எங்க கிணறுதான். அறுபது அடி ஆழம். பாதியில படி முடியிற இடத்துல பத்துப் பேர் நிக்கிற அளவுக்கு ஒரு பாறைத் திட்டு உண்டு.

ஒரு சாயங்காலம் அவர் எங்க களத்துக்கு வந்து அப்பாகிட்ட கேட்டார். "ஐயா, ஒரு அரை மணி நேரம் போதும். முடிஞ்சதும் கரையேறிருவோம்." அப்பா கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், "மோட்டார் ரிப்பேருங்க. கிணத்துக்குள்ள ஆளு இறங்கி வேலை பார்க்கான். இப்ப முடியாது"ன்னார்.

எனக்கு அப்ப பதினேழு வயசு. பத்தாவது முடிச்சுட்டு வயலுக்கு வந்தாச்சு. பக்கத்துலதான் மண்வெட்டியோட நின்னேன். அன்னைக்குக் காலையில மோட்டாரைப் போட்டுத் தண்ணி பாய்ச்சினதே நான்தான். வாய்க்கால்ல ஈரம் இன்னும் காயல. பாஸ்டர் அந்த வாய்க்காலைப் பார்த்தார், என்னையும் பார்த்தார். "செரி ஐயா. மோட்டார் சீக்கிரம் செரியாவட்டு"ன்னு சொல்லிட்டு சைக்கிளை எடுத்துக்கிட்டுப் போயிட்டார்.

அப்பா கெட்டவர் இல்ல. பஞ்சகாலத்துல காலனிக்கு நெல் அளந்து குடுத்தவர். ஆனா அந்தத் தெருக்காரங்க நம்ம கிணத்துப் படியில கால் வைக்கிறதுங்கிறது அவருக்கு நெல் குடுக்கிற விஷயம் இல்ல. ஏழு பேரும் மலையடிவாரத்து ஓடை வரைக்கும் நடந்து போயி முங்கி எழுந்திரிச்சு வந்தாங்க. எனக்கு அன்னைக்கு வாய் இருந்தது. பேசல.

1993ல அவருக்கு மஞ்சக்காமாலை. ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன்னுட்டார். சபை ஜனங்க அழுதாங்க, கும்பிட்டாங்க. கேக்கல. நாப்பத்தஞ்சு வயசு கூட இருக்காது. அது தப்புன்னுதான் இன்னைக்கும் நினைக்கேன். அவரைப் பார்த்து அந்தத் தெருவுல ரெண்டு மூணு பேர் டி.பி. மாத்திரையைக் கூட நடுவுல விட்டுட்டாங்க. காலனிச் சுடுகாட்டுக்கு எங்க வரப்பு வழியாத்தான் போகணும். பெட்டி வரும்போது அப்பா தலைத்துண்டை அவுத்துக் கையில வச்சுக்கிட்டு, பெட்டி தாண்டிப் போற வரைக்கும் நின்னார். ஏன்னு நான் கேக்கல, அவரும் சொல்லல.

ரெண்டாவது பாஸ்டர் எங்க ஊர்க்காரர். அந்த ஏழு பேர்ல ஒருத்தர். அவங்க அப்பா எங்க ஊர்ச் சாவுக்கெல்லாம் பறை அடிச்சவர். எங்க வாசல்ல துண்டைக் கக்கத்துல வச்சுக்கிட்டு நின்னு கூலி நெல் வாங்கிட்டுப் போனவர். இவரும் சின்ன வயசுல அப்பாகூட அடிக்கப் போனவர்தான். விசுவாசி ஆனதும் பறையைத் தொடமாட்டேன்னு சொல்லிட்டார். அதுக்கு ஊர்க்கூட்டம் போட்டு அபராதம் எல்லாம் போட்டாங்க. அபராதத்தைக் கட்டினார், அடிக்க மட்டும் வரல. அப்புறம் மதுரையில ஒரு வருஷம் வேதப் படிப்பு படிச்சுட்டு வந்து சபையை எடுத்து நடத்தினார்.

முதல் காரியமா டி.பி. மாத்திரையை விட்டவங்களைத் தன் சைக்கிள்லயே உக்கார வச்சு அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனார். "ஜெபமும் பண்ணு, மாத்திரையும் முழுங்கு"ன்னு சொல்லுவாராம்.

காசு விஷயத்துக்கு வரேன். அவங்க சபையில பொம்பளைங்க ஒவ்வொரு வேளை உலை வைக்கும்போதும் ஒரு கைப்பிடி அரிசியைத் தனியா எடுத்து வைப்பாங்க. அது பாஸ்டர் வீட்டுக்கு. கூலியில பத்துல ஒண்ணு தசமபாகம். நாப்பது குடும்பம், எல்லாம் நாத்து நடுறதும் களை எடுக்கிறதும். அதுல என்ன வரும்? பாஸ்டரம்மா தையல் மிஷின் வச்சிருந்ததாலதான் அவங்க வீட்டுல அடுப்பு எரிஞ்சது. மூணு சென்ட்ல ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகை போட பத்து வருஷம் ஆச்சு. அதுக்கும் கலெக்டர் அனுமதி இருக்கான்னு ஒருத்தர் மனு போட்டு நிறுத்தி வச்சார். 2002ல கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் வந்தப்ப, விசாரணைன்னு ரெண்டு தடவை ஸ்டேஷனுக்குப் போயிட்டு வந்தார். 2004ல அந்தச் சட்டத்தை அரசே திரும்ப வாங்கிருச்சு. இன்னொரு சங்கடமும் உண்டு. 1950ல போட்ட உத்தரவுப்படி கிறிஸ்தவன்னு ஆயிட்டா எஸ்.சி. சலுகை கிடையாது, இங்க பி.சி. ஆயிருவாங்க. தெருவுல மட்டும் எதுவும் மாறாது. அவருக்கு டீக்கடையில தனி கிளாஸ் 2000 வரைக்கும் இருந்துச்சு.

இப்ப எங்க வீட்டுக்கு வரேன்.

எங்க அக்கா என்னைவிட நாலு வயசு மூத்தவ. மச்சான் குடிச்சே எல்லாத்தையும் அழிச்சுட்டார். 1998ல ரெண்டு பிள்ளைகளோட அக்கா எங்க வீட்டுக்கே வந்துட்டா. யார்கிட்டயும் பேசமாட்டா. பாஸ்டரம்மாகிட்ட ஜாக்கெட் தைக்கக் குடுக்கப் போனவ, வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துக்குப் போக ஆரம்பிச்சா. ஒருநாள் காதுல தோடு இல்லாம, மூக்குத்தி இல்லாம வந்து நின்னா. அம்மா, "உசுரோட புருஷன் இருக்கையில இப்படி மூளிக்காதா வந்து நிக்கியே"ன்னு தலையில அடிச்சுக்கிட்டா. அப்பா அன்னைக்குப் பேச்சை நிறுத்தினவர், 2003ல சாகுற வரைக்கும் அவகூட பேசவே இல்ல. ஒரே வீடு, ஒரே பானைச் சோறு. நான் ரெண்டு பக்கமும் சேதி சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன்.

அப்பாவுக்கு வருஷத் திதி முடிஞ்ச பிறகு அக்கா என்கிட்ட வந்தா. "தம்பி, நான் ஞானஸ்நானம் எடுக்கப் போறேன். ஓடையில தண்ணி இல்ல. நம்ம கிணத்துல எடுத்துக்கிடட்டுமா?"

அந்த வாய்க்கால் ஈரம்தான் எனக்கு ஞாபகம் வந்துச்சு. கிணத்துல எனக்குப் பாதி, சித்தப்பா மகனுக்குப் பாதி. அவன்கிட்ட கேட்டா விடமாட்டான். அதனால கேக்கல. தண்ணி திட்டுக்கு மேல ரெண்டு ஆள் உயரம் நின்னது. ராத்திரி மும்முனைக் கரண்ட் வந்ததும் மோட்டாரைப் போட்டேன். விடிய விடிய ஓட்டி, திட்டு மேல இடுப்பளவு தண்ணி நிக்கிற மாதிரி இறக்கி விட்டேன்.

காலையில இருபது பேர் வந்தாங்க. பாஸ்டர் படிக்கு முன்னாடி செருப்பைக் கழட்டிட்டு நின்னுட்டார். இறங்கல. என் முகத்தைப் பார்த்தார். அவருக்கும் எனக்கும் ஒரே வயசு. சின்ன வயசுல நான் அவரை "ஏலே"ன்னுதான் கூப்பிடுவேன், அவர் என்னை "சின்ன மொதலாளி"ம்பார். அவர் பாஸ்டர் ஆன பிறகு எப்படிக் கூப்பிடுறதுன்னு தெரியாம, பத்து வருஷமா எதுவுமே சொல்லிக் கூப்பிடாம சமாளிச்சுக்கிட்டு இருந்தேன். அன்னைக்கு, "பாஸ்டர், பார்த்து இறங்குங்க, மூணாவது படி வழுக்கும்"னு சொன்னேன். சொன்னது அவ்வளவுதான். அவர் தலையை ஆட்டிட்டு இறங்கினார். அக்கா முங்கி எழுந்திரிச்சு மூச்சு வாங்கினதை மேல நின்னு பார்த்தேன். அவ முகத்துல சிரிப்பைப் பார்த்து ஆறு வருஷம் ஆகியிருந்துச்சு.

சித்தப்பா மகன் கிணறு தீட்டாப் போச்சுன்னு மூணு மாசம் மோட்டாரைத் தொடல. என் வீட்டு விசேஷத்துக்கும் வரல. சித்திரை வெயில்ல அவன் கடலை வாட ஆரம்பிச்சதும், ஒருநாள் ராத்திரி யாருக்கும் தெரியாம மோட்டார் ஓடுற சத்தம் கேட்டது. நானும் கண்டுக்கல.

இப்ப இருக்கிறது மூணாவது பாஸ்டர். முப்பது வயசு, பெங்களூர்ல படிச்சவர். பேண்ட் சட்டை, பைக், கீபோர்டு, டிரம்ஸ். ஞாயித்துக்கிழமை ஆராதனையை யூடியூப்ல போடுறார். காங்கிரீட் கட்டடம் ஆயாச்சு. ஆனா உள்ள உக்கார இளவட்டம் இல்ல. எல்லாம் திருப்பூர், சிவகாசி, சென்னை. அவங்க அங்க இருந்து போன்ல பாக்குறாங்க. "பாட்டு நல்லாத்தான் இருக்கு, ஆனா பழைய பாஸ்டர் ஜெபம் பண்ணா கண்ணுல தண்ணி வரும்"ங்கா அக்கா. சாராள் நவரோஜி பாட்டைப் போடச் சொல்லி அந்தத் தம்பிகிட்ட சண்டை வேற போடுவா.

பழைய பாஸ்டருக்கு இப்ப சுகர். ஒரு கால்ல ரெண்டு விரல் எடுத்தாச்சு. சாயங்காலம் நடந்து வந்து எங்க களத்துல உக்காருவார். நான் இன்னும் விதைக்கிறதுக்கு முன்னாடி கருப்பசாமிக்குத் தேங்காய் உடைக்கிறவன்தான். என்னைச் சபைக்கு வான்னு அவர் ஒருநாளும் கூப்பிட்டதில்ல. ஒருநாள் மட்டும் நானே, "1985ல மோட்டார் ரிப்பேர் இல்ல பாஸ்டர்"னு சொன்னேன். "தெரியும். பெரிய பாஸ்டர் அன்னைக்கு ராத்திரியே சொன்னார். அந்தப் பையன் தலையைக் குனிஞ்சான், அவனுக்காக ஜெபம் பண்ணுங்கன்னார்"னு சொன்னார்.

அதுக்கு மேல என்ன பேசுறதுன்னு தெரியல. டீ வாங்கிட்டு வரச் சொல்லி பையனை அனுப்பினேன். சர்க்கரை இல்லாம.