மடங்க மறுக்கும் முழங்கால்கள்

எருசலேம் தேவாலயப் பிரதிஷ்டையின்போது சாலொமோன் ஏறெடுத்த நீண்ட மன்றாட்டை இராஜாக்களின் முதலாம் புத்தகம் எட்டாம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். பலிபீடத்தின் முன் நின்றவனாக அறிமுகமாகும் மன்னன், மன்றாட்டு முடிகையில் முழங்காலிலிருந்து எழுகிறான். நாடாளும் ஒருவன் தன் மக்கள் அனைவரும் காணத் தாழ்ந்து போகிறான். எபிரேயத்தில் முழங்காலைக் குறிக்கும் 'பெரெக்' என்ற சொல்லும், ஆசீர்வதித்தலைக் குறிக்கும் 'பாரக்' என்ற சொல்லும் ஒரே மூன்று மெய்யெழுத்துகளால் ஆனவை. தானியேல் நாளுக்கு மூன்று வேளை மண்டியிட்டான். கெத்செமனேயில் இயேசுவும் முழங்காற்படியிட்டதாக லூக்கா எழுதுகிறார்.

எங்கள் ஆரணியில் இது வெறும் வேதபாடமன்று. குழித்தறியின் விளிம்பில் அமர்ந்து, குழிக்குள் கால்களை இறக்கி, நாள் முழுதும் மிதிபலகையை மாறி மாறி அழுத்திப் பட்டு நெய்தவர் என் பெரியப்பா. இன்று அவருடைய முழங்கால்கள் மடங்குவதில்லை. பாவ அறிக்கை வேளையில் சபையார் முழந்தாளிட, அவர் மட்டும் கடைசி வரிசையில் தலைகுனிந்து அமர்ந்திருப்பார். "குழியில் உட்கார்ந்தே காலம் போயிற்று. ஆண்டவர் சந்நிதியிலும் உட்காரத்தானா தம்பி?" என்று ஒருநாள் கேட்டார்.

விடை சொல்ல வேதத்தில் இடமுண்டு. தாவீது கர்த்தருடைய சமுகத்தில் உட்கார்ந்து ஜெபித்ததை சாமுவேலின் இரண்டாம் புத்தகம் ஏழாம் அதிகாரம் கூறுகிறது. அன்னாள் நின்று வேண்டினாள். கி.பி. 325இல் கூடிய நிசேயா சங்கம், ஞாயிற்றுக்கிழமைகளில் மண்டியிடாமல் நின்றே ஜெபிக்க வேண்டுமென விதித்தது. உயிர்த்தெழுதலின் நாள் அல்லவா! திருவிருந்தை அமர்ந்து பெறும் சீர்திருத்த மரபும், முழந்தாளிட்டுப் பெறும் ஆங்கிலிக்க மரபும் 1947இல் தென்னிந்தியத் திருச்சபையில் ஒன்றாகக் கலந்தன.

இவற்றையெல்லாம் சொன்னேன். "தாவீது ராஜா, அவருக்கு முழங்காலும் நன்றாக இருந்திருக்கும்" என்றார். உட்கார அனுமதி உண்டு என்பது அவருக்கு ஆறுதலாகவில்லை. அவர் வேண்டியது மண்டியிடும் பேற்றை.

மாற்கு எழுதிய சுவிசேஷத்தின் பதினைந்தாம் அதிகாரத்தில் ரோமப் போர்ச்சேவகரும் இயேசுவின் முன் முழங்காற்படியிடுகின்றனர். முள்முடி சூட்டி, அவர்மேல் துப்பி, அதன் பின்னரே பணிகின்றனர். நன்கு மடங்கிய அம்முழங்கால்களில் வணக்கம் இல்லை. தெய்வத்தின் முன் சமமாக அமர்ந்திருக்கக் கூசும் மனத்தில் அது இருக்கிறது. உடல் ஒத்துழைக்காதபோதும் அக்கூச்சம் ஒருவரை விட்டு நீங்கவில்லையெனில், அவர் ஏற்கெனவே மண்டியிட்டுவிட்டார் என்றே நான் நம்புகிறேன்.