ஆரஞ்சுக் கோழி

பத்து நாளா பையன் ஒரே பாட்டு. சைனீஸ் ஹோட்டல்ல சாப்பிட்ட மாதிரி ஆரஞ்சு போட்டு, இனிப்பும் புளிப்புமா சிக்கன் வேணுமாம். தங்கமணி என்னைப் பார்த்தாங்க. "கல்யாணமான நாள்லேருந்து அந்த மறையூர்க் கோழிக் கதையைக் கேக்குறேன். ஒரு தடவை செஞ்சுதான் காட்டுங்களேன்." வெள்ளிக்கிழமை காலையில, மஸ்கட்டே தூங்குற நேரத்துல, தப்பிக்க வழியில்லை.

கொசுவத்தி சுத்திக்கிறேன் மக்களே.

நான் பாலக்காட்டு எல்லைக்காரன், கொழிஞ்சாம்பாறை. எங்க வீட்ல கோழின்னா மிளகு, மல்லி, தேங்காய். ஆரஞ்சுன்னா நெல்லியாம்பதி அரசுப் பண்ணை ஸ்குவாஷ், அதுவும் விருந்தாளி வந்தாத்தான். ரெண்டும் ஒரே சட்டியில சேரும்னு பி.காம்ல யாரும் சொல்லித் தரலை.

2008-ல இடுக்கி மலைக்கு மாத்தல். மறையூர், காந்தலூர்னு அஞ்சுநாட்டு ஊர்கள்ல பேச்செல்லாம் தமிழ், சந்தைக்கு உடுமலைப்பேட்டை. கீழே கரும்பு, மேலே பூண்டும் ஆரஞ்சும். அங்கே ஒரு பெரியவர் சர்க்கரை காய்ச்சுற கொட்டகையைச் சரி பண்ண ஒன்றரை லட்சம் கேட்டு மனு கொடுத்திருந்தார். (எங்க பக்கம் சர்க்கரைன்னா வெல்லம். வெள்ளையா இருந்தா சீனி.) ஆய்வுக்குப் போனேன். கொதிக்கிற பாகை மரத்தொட்டியில ஊத்தி, ஆறி இறுகுறதுக்குள்ள கையாலேயே உருட்டினாங்க. ஒவ்வொரு உருண்டையிலும் விரல் தடம். 2019-ல புவிசார் குறியீடு வாங்கின மறையூர்ச் சர்க்கரை இதுதான்.

"சாப்பிடாம மலை இறங்கக் கூடாது சார்"னு பெரியவர் பிடிச்சு உட்கார வச்சுட்டார். அவர் வீட்டம்மா தேங்காயெண்ணெய்ல சின்ன உள்ளி, பூண்டு, வரமிளகாய் வதக்கி, கோழியைப் போட்டு, மிளகு தட்டிப் போட்டாங்க. வெந்ததும் எலுமிச்சை அளவு சர்க்கரை. அது உருகி, கறி மினுமினுன்னு ஆனதும் சட்டியை இறக்கிட்டாங்க. அப்புறம்தான் ரெண்டு ஆரஞ்சைப் பிழிஞ்சாங்க. "அடுப்புல இருக்கும்போது ஊத்தினா கசக்கும் தம்பி." மூணு தடவை வாங்கிச் சாப்பிட்டேன், வெட்கமே இல்லாம.

அடுத்த வாரம் மனுவைத் திருப்பிட்டேன்.

காரணம் சரியானதுதான். நிலத்துக்குப் பட்டயம் இல்லை. இடுக்கியில இது தலைமுறைக் கதை, தாத்தா காலத்துலேருந்து உழுத மண்ணா இருக்கும், காகிதம் இருக்காது. அப்போ ஈடு இல்லாம விவசாயக் கடன் 50,000 வரைக்கும்தான் கொடுக்கலாம். 2010-ல ஒரு லட்சம் ஆச்சு. 2019-ல 1.6 லட்சம், 2025 ஜனவரியிலேருந்து 2 லட்சம். இப்போ வந்திருந்தா அவர் கேட்டது முழுசா வரம்புக்குள்ள வரும். அது இருக்கட்டும். அன்னைக்கே 50,000-க்கு ஒரு மனுவா எழுதி வாங்கியிருக்கலாமில்லையா? கொட்டகைக்கு மூணுல ஒரு பங்காவது ஆகியிருக்கும். எனக்கு இன்ஸ்பெக்ஷன் பயம், வேலை புதுசு. பெரியவர் ஒண்ணும் சொல்லலை. "சரி சார்"னு காகிதத்தை நாலா மடிச்சுப் பையில வச்சுக்கிட்டார். அடுத்த மாசம் கிளைக்கு ரெண்டு உருண்டை சர்க்கரை கொடுத்தனுப்பினார். அதுதான் இன்னும் உறுத்துது.

இங்கே சூப்பர் மார்க்கெட் ஆரஞ்சுல புளிப்பே இல்லை. பாதி எலுமிச்சை சேர்த்தேன். சர்க்கரை, தங்கச்சி உடுமலையில வாங்கிக் கொடுத்துவிட்டது. எல்லாம் தெரிஞ்சும், அவசரத்துல சாற்றை அடுப்புல வச்சே ஊத்தித் தொலைச்சேன். கொட்டையும் ரெண்டு மூணு விழுந்துடுச்சு. தங்கமணி ஒரு வாய் வச்சுட்டு, "வேப்பங்காய் போட்டீங்களா?"ன்னாங்க. கொட்டையிலயும் தோலுக்கடியில இருக்கிற வெள்ளையிலயும் இருக்கிற சமாச்சாரம்தான் புளிப்போட சேர்ந்து கசப்பா மாறுதாம். சூடு பட்டா இன்னும் சீக்கிரம். அந்தம்மாவுக்கு அது கையிலயே தெரிஞ்சிருக்கு.

மிச்சக் கோழியில ரெண்டாவது சட்டி. இந்தத் தடவை இறக்கி வச்சு, ஒரு நிமிஷம் காத்திருந்து, வடிகட்டி ஊத்தினேன். பையன் தட்டை வழிச்சுட்டு, "யார்ப்பா உனக்குச் சொல்லிக் கொடுத்தது?"ன்னான்.

"ஒரு கஸ்டமர் வீட்டுல"ன்னேன். கஸ்டமர்! அவரை எங்கேடா நான் கஸ்டமர் ஆக்கினேன்.