பல தளங்களில் ஒரு ஷெல்: நெய்வேலி நாட்குறிப்பு

ஜூலை 4, வெள்ளி

பயனர் தட்டச்சிடும் கட்டளையைப் படித்துப் பகுத்து, உரிய நிரலை இயக்கும்படி இயங்குதளத்தின் கருவிடம் வேண்டும் இடைநிலை நிரலே ஷெல். 2011இல் வெளிவந்த ஆண்ட்ராய்டு 4.0 முதல் அத்தளத்தின் இயல்பு ஷெல்லாக இருந்துவருவது எம்கேஎஸ்எச். ஆகவே நெய்வேலி நகரியத்தின் வட்டங்களில் கைபேசி வைத்திருப்போருள் பெரும்பாலோர், தாம் ஒருநாளும் பார்த்திராத ஒரு ஷெல்லைச் சட்டைப்பையில் சுமந்து திரிகின்றனர். பெல் ஆய்வகத்தில் டேவிட் கோர்ன் ஆக்கிய கோர்ன் ஷெல்லைப் பின்பற்றிப் பொதுக்களத்தில் எழுதப்பட்ட மறுஆக்கம், ஓப்பன்பிஎஸ்டி வழியாக வளர்ந்து, தோர்ஸ்டன் கிளாசரின் கையில் எம்கேஎஸ்எச் ஆயிற்று. லினக்ஸ், பிஎஸ்டி வகைகள், சோலாரிஸ், ஏஐஎக்ஸ், ஹைக்கூ, ஓஎஸ்/2 என அது சென்று சேர்ந்த தளங்கள் பல. எத்தனை தளங்கள் என்பதைவிட, எங்கெங்கே இடறியது என்பதே ஆராயத்தக்கது.

ஜூலை 5, சனி

ஒரு தளத்துக்கென எழுதிய நிரலை வேறொரு தளத்தில் இயங்கச் செய்வது பெயர்த்தமைத்தல், புழக்கத்தில் போர்ட்டிங். இதன் தன்மை நெய்வேலிச் சுரங்கத்துக்குப் புதிதன்று. ஜெர்மனியின் மென்மையான மேல்மண்ணுக்கென வடிவமைக்கப்பட்ட சக்கர வாளி அகழ்விகள் இங்கு வந்தபோது, பழுப்பு நிலக்கரியின்மேல் கிடந்த கடினமான கடலூர் மணற்கல் அவற்றின் வாளிப் பற்களைத் தேய்த்தது; பாறையை முன்கூட்டியே வெடிவைத்துத் தளர்த்தும் முறை வேண்டியதாயிற்று. ஷெல் எதிர்கொண்ட மணற்கல், ஃபோர்க் இல்லாத தளங்கள். இயங்கிக்கொண்டிருக்கும் ஒரு நிரல் தன்னைப்போலவே ஒரு பிரதியை உண்டாக்கும் அழைப்பு ஃபோர்க். துணை ஷெல்லும், ஒரு கட்டளையின் வெளியீட்டை மற்றொன்றுக்குச் செலுத்தும் குழாயும் யூனிக்ஸில் அதை நம்பியே அமைந்துள்ளன. விண்டோஸின் வழக்கமான நிரல் இடைமுகத்தில் அது கிடையாது. எனவே சிக்வின் என்னும் இடைப்படலம் தாய் நிரலின் நினைவகத்தைச் சேய்க்கு நகலெடுத்து ஃபோர்க்கைப் போலி செய்கிறது, அதற்கு விலையாக வேகத்தை இழக்கிறது. பாதைப் பட்டியலைப் பிரிக்க யூனிக்ஸ் பயன்படுத்தும் முக்காற்புள்ளியோ, ஓஎஸ்/2இலும் விண்டோஸிலும் 'சி' போன்ற இயக்ககப் பெயரின் பின்னே வந்து நிற்பதால் அங்கே அரைப்புள்ளிக்கு மாற வேண்டியிருக்கிறது.

ஜூலை 7, திங்கள்

அடுத்த இடறல், எழுத்துகளுக்கு எண் தரும் குறியேற்றத்தில். ஐபிஎம் பெருங்கணினிகளின் எப்சிடிக் குறியேற்றத்தில் ஆங்கில எழுத்துகள் தொடர்ச்சியாக இல்லை. 'ஐ'க்கும் 'ஜே'க்கும் இடையே ஏழு இடங்கள் எழுத்தற்றுக் கிடக்கின்றன. எழுத்துகள் அடுத்தடுத்தே வரும் எனக் கொண்டு எழுதிய ஒவ்வொரு வரியும் அங்கே பிழையாகும்.

ஜூலை 8, செவ்வாய்

எம்கேஎஸ்எச்சை உருவாக்கும் நிரலும் ஒரு ஷெல் கோவையே. சிறு சோதனை நிரல்களைத் தொகுத்துப் பார்த்து, தளத்தில் என்ன உண்டு, என்ன இல்லை என அது தானே கண்டறிகிறது. ஷெல்லைக் கட்ட முதலில் ஒரு ஷெல் வேண்டும் என்பதால், பழைய, குறையுள்ள ஷெல்களிலும் ஓடும்படி அக்கோவை சிக்கனமாக எழுதப்பட வேண்டியதாகிறது. தளத்தின் பெயரை மட்டும் கேட்டு முடிவெடுப்பதைவிட இத்தகைய சோதனையே நம்பத்தக்கது. பெயர் மாறாமலே தளங்கள் பதிப்புக்குப் பதிப்பு மாறிவிடுகின்றன.

ஜூலை 10, வியாழன்

தமிழ் வாசகரைத் தொடும் இடறல் வரித்திருத்தத்தில் உள்ளது. சுட்டியைச் சரியான இடத்தில் நிறுத்த, ஒவ்வொரு குறியும் திரையில் எத்தனை கட்டம் பிடிக்கும் என்பதை ஷெல் அறிந்திருக்க வேண்டும். யூனிகோடு புள்ளியையும் ஈகாரக் குறியையும் இடம்பிடிக்காத குறிகளின் வகையிலும், உகரக் குறியை இடம்பிடிக்கும் குறிகளின் வகையிலும் சேர்த்திருப்பதால், அவ்வகைப்பாட்டை அப்படியே பின்பற்றும் அட்டவணைகளில் 'கீ' ஒரு கட்டம், 'கு' இரண்டு கட்டம் எனக் கணக்காகிறது. எழுத்துருக்களோ இரண்டையும் தத்தம் விருப்பப்படி வரைகின்றன. எம்கேஎஸ்எச் தளத்தின் அட்டவணையை நம்பாமல் தன் அட்டவணையையே உடன் கொண்டுசெல்வதால் எல்லாத் தளங்களிலும் ஒரே விடை கிடைக்கிறது. ஆயினும் முனையச் சாளரம் வேறு அட்டவணையைக் கொண்டிருந்தால், அழித்தல் விசையை அழுத்தும்போது எழுத்து ஓரிடத்திலும் சுட்டி வேறிடத்திலும் நிற்கும், அதை ஷெல்லின் பக்கத்திலிருந்து மட்டும் சரிசெய்ய வழியில்லை.