தேயிலைக்குப் பின்னால் ஒரு பட்டறை

கேமரன் மலைக்குப் போனால் நம் குடும்பங்கள் செய்வது ஏறக்குறைய ஒன்றுதான். ஸ்ட்ராபெரி பறிப்போம், பிரிஞ்சாங் சந்தையில் காய்கறி வாங்குவோம், தேயிலைச் செடிகளுக்கு நடுவே நின்று படம் எடுப்போம். சுங்கை பாலாஸ் தோட்டத்தில், சரிவுக்கு மேல் நீண்டு நிற்கும் மேடையில் உட்கார்ந்து சூடாக ஒரு தேநீர் குடித்துவிட்டுக் கீழே இறங்கிவிடுவோம். அடுத்த முறை அங்குள்ள தொழிற்சாலைக்குள்ளும் எட்டிப் பாருங்கள். நம் முன்னோரின் கைவேலை எப்படிப்பட்டது என்பது அங்கே புரியும்.

வில்லியம் கேமரன் இந்த மலைப்பகுதியை அளந்தது 1885-இல். ஜான் ஆர்ச்சிபால்ட் ரசல் ‘போ’ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கியது 1929-இல். நீராவியில் ஓடும் ஒரே ஒரு ரோடு ரோலர், சில கோவேறு கழுதைகள், ஒரு கூட்டம் தொழிலாளர்கள். இவற்றை வைத்துத்தான் காடு தோட்டமானது என்பார்கள். பிறகு அந்தச் சரிவுகளில் லயத்து வீடுகளில் தங்கி, விடியுமுன் பிரட்டுக்கு நின்று, இலை பறித்தவர்களில் பெரும்பகுதி தமிழர்கள்.

பறித்த இலையை முதலில் வாட்டுவார்கள். பிறகு உருட்டுவார்கள். அடிப்பாகம் இல்லாத ஒரு பெரிய உருளை, வட்ட மேசையின்மேல் மெதுவாகச் சுற்றிச் சுற்றி வரும். மேலிருந்து ஒரு மூடி இலையை அழுத்தும். இலை முறுகிச் சாறு வெளிவரும். நிறமும் மணமும் அங்கேதான் பிறக்கின்றன. வில்லியம் ஜாக்சன் என்பவர் 1872-இல் அசாமில் முதல் உருட்டு இயந்திரத்தை நிறுவினார். பின்னர் இங்கிலாந்தின் கெயின்ஸ்பரோ நகரில் மார்ஷல் நிறுவனம் அவருடைய இயந்திரங்களைச் செய்து உலகெங்கும் அனுப்பியது. இன்றைய உருட்டு இயந்திரத்திலும் அடிப்படை அமைப்பு அதேதான்.

பழைய உருட்டு மேசைகளில் இலை படும் இடத்தில் பித்தளைத் தகடு இருக்கும். அழகுக்காக அல்ல. தேயிலைச் சாற்றில் உள்ள துவர்ப்புப் பொருள் இரும்பில் பட்டால் கருத்துவிடும்; தேநீரின் நிறமும் கெடும். ஆகவே இப்படியோர் இயந்திரத்தைப் பழுது பார்ப்பவருக்கு இரும்பு தெரிந்தால் மட்டும் போதாது. தேயிலையும் தெரிந்திருக்க வேண்டும்.

பழைய தோட்டங்களில் தொழிற்சாலையை ஒட்டி ஒரு பட்டறை இருக்கும். மரவேலைக்கு ஆசாரி, இரும்புக்குக் கொல்லர், இயந்திரத்துக்கு ஃபிட்டர். பல்சக்கரத்தில் ஒரு பல் உடைந்தால் கப்பலில் புதியது வரும்வரை இலை காத்திருக்குமா? பறித்த இலை மறுநாளே வீணாகிவிடும். அப்போது முதல் வேலை ஆசாரிக்குத்தான். உடைந்த சக்கரத்தைப் பார்த்து, அதேபோல் மரத்தில் ஓர் அச்சு செதுக்குவார். வார்ப்பிரும்பு ஆறும்போது சுருங்கும் என்பதால், அச்சு ஏறக்குறைய நூற்றுக்கு ஒரு பங்கு பெரிதாக இருக்க வேண்டும். அந்த அச்சை மணலில் பதித்து எடுத்து, அந்தக் குழியில் உருக்கிய இரும்பை ஊற்றுவார்கள். இப்படி ஒவ்வோர் உறுப்பையும் பக்கத்திலேயே செய்துகொள்ள முடிந்ததால்தான் அந்த இயந்திரங்களுக்கு அவ்வளவு ஆயுள்.

இத்தகைய இயந்திரங்களை நின்று நிதானமாகப் பார்க்க இன்னொரு நல்ல இடம், இலங்கையில் கண்டிக்கு அருகே ஹந்தானையில் உள்ள தேயிலை அருங்காட்சியகம். 1925-இல் கட்டப்பட்ட தொழிற்சாலையைச் சீரமைத்து 2001-இல் திறந்தார்கள். பழைய ரோலர்களும் எஞ்சின்களும் துடைத்து மெருகேற்றி வைக்கப்பட்டுள்ளன.

வீட்டிலேயே சிறிய தச்சுப் பட்டறை போட நினைக்கும் இளைஞர்களுக்கும் அந்தத் தோட்டத்துப் பட்டறை சில பாடங்கள் சொல்லும். பழைய ரம்ப இயந்திரமோ கடைசல் இயந்திரமோ மலிவாகக் கிடைத்தால், முதலில் விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். சந்தேகமான இடத்தில் மண்ணெண்ணெய் தடவி, துடைத்துவிட்டு, சுண்ணாம்புத் தூள் பூசுங்கள். விரிசல் இருந்தால் உள்ளே புகுந்த எண்ணெய் கசிந்து கோடாகத் தெரியும். வார்ப்பிரும்பில் வெல்டிங் எளிதில் பிடிக்காது. பெரிய விரிசல் என்றால் வாங்காமல் விடுவதே நல்லது. கழற்றுமுன் ஒவ்வொரு கட்டத்தையும் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பெல்ட்டுக்கும் ரம்பத்துக்கும் மூடி போடாமல் ஓட்டாதீர்கள்.

ஈரக்காற்றுள்ள ஊரில் இரும்பு துருப்பிடிக்கும், பலகை உப்பும். வேலை முடிந்ததும் உளியில் லேசாக எண்ணெய் தடவுங்கள். வாங்கிய பலகைகளை இடையிடையே குச்சி வைத்து அடுக்கி, இரண்டு வாரமாவது பட்டறையிலேயே கிடக்க விடுங்கள்.

தேயிலை இங்கேயும் உதவும். கடுந்தேநீரை மரத்தில் பூசிக் காயவிடுங்கள். இரும்புக் கம்பித் துருவலை வினிகரில் சில நாள் ஊற வைத்து, வடிகட்டி, அதன்மேல் பூசுங்கள். சற்று நேரத்தில் மரம் கருங்காலிபோல் கறுக்கும். உருட்டு மேசையில் எதைத் தடுக்கப் பித்தளை போட்டார்களோ, அதையே இங்கே நாம் சாயமாக்குகிறோம்.

இன்று கேமரன் மலையில் இலை பறிக்கும் கைகளில் பல வங்காளதேசத்திலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் வந்தவை. பல இடங்களில் இரண்டு பேர் பிடித்து நடக்கும் அறுவடை இயந்திரமும் வந்துவிட்டது. நம் பிள்ளைகள் படித்து ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் இறங்கிவிட்டார்கள். அது நல்லதுதான். ஆனால் பட்டறை வேலையை யாரும் புத்தகத்தில் படித்துக் கற்கவில்லை. அண்ணன் செய்ததைத் தம்பி பக்கத்தில் நின்று பார்த்துக் கற்றது. அந்தத் தம்பிகளுக்கு இப்போது எழுபது, எண்பது வயது. பக்கத்தில் நிற்க யாரும் இல்லை.

உங்கள் தாத்தாவோ பெரியப்பாவோ தோட்டத்தில் ஆசாரியாகவோ ஃபிட்டராகவோ இருந்தவரா? அவருடைய பெட்டியில் துருப்பிடித்த இழைப்புளி ஒன்று கிடக்கலாம். அதை அவர் கையில் கொடுங்கள். எப்படித் தீட்டுவது, எப்படிப் பிடிப்பது என்று கேட்டு, கைப்பேசியில் பதிவு செய்துகொள்ளுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை போதும்.