ரோசா பார்க்ஸ் கைதான இடம், தலைக்கு மேல் தொங்கும் 800 தூண்கள்... அலபாமாவில் பார்க்க வேண்டிய மியூசியங்கள்!

பிள்ளைகள் அமெரிக்காவில் இருக்கும் வீடுகளில் இது வழக்கமான கதை. அப்பா, அம்மா விசிட்டர் விசாவில் போவார்கள். நயாகரா, நியூயார்க், டிஸ்னி வேர்ல்டு எல்லாம் முதல் பயணத்திலேயே முடிந்துவிடும். அடுத்த முறை போகும்போது, 'இந்த வீக் எண்ட் எங்கே போகலாம்?' என்ற கேள்வி வரும். பிள்ளைகள் அட்லாண்டா பக்கம் இருந்தால், பதில் பக்கத்து மாநிலத்திலேயே இருக்கிறது. அலபாமா!

அட்லாண்டாவிலிருந்து அலபாமாவின் தலைநகர் மான்ட்கோமரிக்கு சுமார் 260 கி.மீ. காரில் இரண்டரை மணி நேரம். பருத்தித் தோட்டங்களில் கறுப்பின அடிமைகளை வைத்து வேலை வாங்கிய தென் மாநிலங்களில் இதுவும் ஒன்று. அடிமை முறை ஒழிந்து 100 ஆண்டுகள் ஆன பிறகும், பஸ், பள்ளிக்கூடம், ஹோட்டல், ஓட்டுச்சாவடி என எல்லா இடங்களிலும் கறுப்பினத்தவரை ஒதுக்கிவைத்த ஊர். அந்தக் கொடுமையும், அதை எதிர்த்த போராட்டமும் நடந்த அதே இடங்களில் இன்று மியூசியங்கள் நிற்கின்றன. வாங்க, ஒரு சுற்று சுற்றி வரலாம்.

பஸ் நின்ற இடம்

1955 டிசம்பர் 1. வேலை முடிந்து பஸ் ஏறிய தையல்காரர் ரோசா பார்க்ஸை, ஒரு வெள்ளைக்காரருக்காக இருக்கையை விட்டு எழுந்திருக்கச் சொன்னார் டிரைவர். அவர் எழவில்லை. கைது செய்தார்கள். அந்த இடத்தில்தான் இப்போது ரோசா பார்க்ஸ் மியூசியம் இருக்கிறது. அந்தக் காலத்து பஸ் போலவே ஒன்றை உள்ளே நிறுத்தி, அன்று நடந்ததைக் கண்முன் காட்டுகிறார்கள். (அவர் பயணம் செய்த அசல் பஸ், மிச்சிகன் மாநிலத்தில் உள்ள ஹென்றி ஃபோர்டு மியூசியத்தில் இருக்கிறது.)

'வயசான அம்மா, கால் வலி, அதனால் எழவில்லை' என்றுதான் பலரும் கேள்விப்பட்டிருப்போம். உண்மையில் அப்போது ரோசாவுக்கு 42 வயதுதான். கறுப்பின உரிமை அமைப்பில் ஏற்கெனவே பல ஆண்டுகள் வேலை செய்தவர். அவருக்கு ஒன்பது மாதங்கள் முன்பே, கிளாடெட் கோல்வின் என்ற 15 வயது மாணவியும் இதே ஊரில் இதே காரணத்துக்காகக் கைதாகியிருந்தார்.

ரோசா கைதான பிறகு மான்ட்கோமரியின் கறுப்பின மக்கள் 381 நாள்கள் பஸ் ஏறவில்லை. வேலைக்கு நடந்தே போனார்கள். கார் வைத்திருந்தவர்கள் மற்றவர்களையும் ஏற்றிக்கொண்டு போனார்கள். கடைசியில் உச்ச நீதிமன்றமே அவர்கள் பக்கம் தீர்ப்பு சொன்னது. அந்த வழக்கைத் தொடுத்த நான்கு பெண்களில் கிளாடெட்டும் ஒருவர்.

ஒரே தெருவில் இரண்டு வரலாறு

அடுத்து டெக்ஸ்டர் அவென்யூ. தெருவின் உச்சியில் மாநில சட்டமன்றக் கட்டடம். அதன் வாசலில் பித்தளையில் ஒரு நட்சத்திரம் பதித்திருக்கிறார்கள். அடிமை முறையைக் காப்பாற்ற அமெரிக்காவிலிருந்து பிரிந்த தென் மாநிலங்களின் தலைவராக, 1861-ல் ஜெஃபர்சன் டேவிஸ் பதவியேற்ற இடம் அது. அங்கிருந்து கூப்பிடு தூரத்தில் செங்கல்லில் கட்டிய சிறிய சர்ச். 1954-ல் இங்கே போதகராக வந்தவர்தான் மார்ட்டின் லூதர் கிங். அப்போது அவருக்கு வயது 25. பஸ் போராட்டத்துக்குத் தலைமை ஏற்றதும் இங்கிருந்தபோதுதான். அவர் குடியிருந்த வீட்டில் 1956-ல் குண்டு வீசினார்கள். அந்த வீடும் இப்போது மியூசியம்.

இந்த சர்ச்சின் போதகராக இருந்தபோதுதான், 1959-ல் கிங் இந்தியாவுக்கு வந்து ஏறத்தாழ ஒரு மாதம் சுற்றினார். கன்னியாகுமரி வரை போனார். திருவனந்தபுரத்தில் தலித் குழந்தைகள் படித்த ஒரு பள்ளியில், 'அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் நம்மைப் போன்ற தீண்டப்படாதவர்' என்று அவரை அறிமுகப்படுத்தினார்களாம். முதலில் அவருக்கு அதிர்ச்சி, கொஞ்சம் கோபமும்கூட. பிறகு தன் மக்களின் நிலையை யோசித்துப் பார்த்து, 'ஆமாம், நானும் தீண்டப்படாதவன்தான்' என்று தனக்குள் ஒப்புக்கொண்டதாகப் பின்னாளில் ஒரு பிரசங்கத்தில் அவரே சொல்லியிருக்கிறார். அந்த சர்ச் வாசலில் நிற்கும்போது நம்மவர்கள் நினைத்துப் பார்க்க வேண்டிய விஷயம் இது.

தலைக்கு மேல் தொங்கும் பெயர்கள்

மான்ட்கோமரியில் ஒரு நாள்தான் இருக்கிறது என்றால், வேறு எதை விட்டாலும் இதை விடாதீர்கள். பிரையன் ஸ்டீவன்சன் என்ற வழக்கறிஞர் தொடங்கிய 'ஈக்வல் ஜஸ்டிஸ் இனிஷியேட்டிவ்' அமைப்பு, 2018-ல் ஒரு குன்றின் மேல் திறந்த நினைவிடம் அது. 1877 முதல் 1950 வரை வெறிபிடித்த கும்பல்களால் கொல்லப்பட்ட 4,400-க்கும் மேற்பட்ட கறுப்பினத்தவருக்கானது.

உள்ளே துருப்பிடித்த நிறத்தில் 800-க்கும் மேற்பட்ட இரும்புத் தூண்கள். ஒவ்வொரு தூணும் ஒரு கவுன்ட்டிக்கு உரியது. நம்மூர் மாவட்டம் மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஊரில் கொல்லப்பட்டவர்களின் பெயரும் தேதியும் அதில் இருக்கும். ஆரம்பத்தில் தூண்கள் நம் முகத்துக்கு நேராக நிற்கின்றன. நடக்க நடக்கத் தரை தாழ்ந்துகொண்டே போகிறது. கடைசியில் அண்ணாந்து பார்த்தால், எல்லாத் தூண்களும் தலைக்கு மேல் தொங்குகின்றன. எதற்காகக் கொன்றார்கள் என்பதையும் எழுதி வைத்திருக்கிறார்கள். 1940-ல் அலபாமாவின் லுவேர்ன் ஊரில் ஜெஸ்ஸி தார்ன்டன் கொல்லப்பட்டது, ஒரு வெள்ளைக்கார போலீஸ்காரரை 'மிஸ்டர்' போடாமல் பெயர் சொன்னதற்காக!

வெளியே வந்தால் அதே தூண்களின் நகல்கள் வரிசையாகப் படுத்துக் கிடக்கின்றன. அந்தந்த ஊர்க்காரர்கள் வந்து, 'இது எங்கள் ஊரில் நடந்தது' என்று ஒப்புக்கொண்டு எடுத்துச்சென்று நட்டுக்கொள்ள வேண்டும் என்பதற்காக. எடுத்துப் போகாத ஊரின் தூண் அங்கேயே கிடக்கும்.

இதே அமைப்பின் லெகஸி மியூசியத்தில், கொலைகள் நடந்த இடங்களிலிருந்து எடுத்துவந்த மண்ணைக் கண்ணாடி ஜாடிகளில் அடுக்கி வைத்திருக்கிறார்கள். ஜாடிக்கு ஜாடி மண்ணின் நிறம் மாறுகிறது. ஒவ்வொன்றின் மேலும் ஒரு பெயர்.

செல்மா பாலம்

மான்ட்கோமரியிலிருந்து ஒரு மணி நேரத்தில் செல்மா. 1965 மார்ச் 7 அன்று, ஓட்டுரிமை கேட்டு ஊர்வலம் போனவர்களை எட்மண்ட் பெட்டஸ் பாலத்தில் போலீஸ் அடித்து நொறுக்கியது. இரண்டு வாரங்கள் கழித்து, மீண்டும் கிளம்பி 87 கி.மீ. நடந்து மான்ட்கோமரி சட்டமன்ற வாசல் வரை வந்தார்கள். நாம் பார்த்த அந்த நட்சத்திரம் இருக்கும் அதே வாசல்! அந்த ஆகஸ்ட்டிலேயே ஓட்டுரிமைச் சட்டம் வந்தது. பாலத்தில் இப்போது நாமும் நடக்கலாம். பாலத்துக்குப் பெயர் கொடுத்த பெட்டஸ், அடிமை முறைக்காகப் போரிட்ட படைத்தளபதி. அந்தப் பெயர் இன்னும் மாறவில்லை.

நான்கு சிறுமிகள்

மான்ட்கோமரிக்கு வடக்கே, ஒன்றரை மணி நேரத்தில் பர்மிங்ஹாம். 1963 செப்டம்பர் 15, ஞாயிற்றுக்கிழமை காலையில் இங்குள்ள 16-வது தெரு சர்ச்சில் குண்டு வெடித்து நான்கு சிறுமிகள் இறந்தார்கள். மூவருக்கு வயது 14, ஒருத்திக்கு 11. கடைசிக் குற்றவாளிக்குத் தண்டனை கிடைத்தபோது ஆண்டு 2002! சர்ச்சில் கறுப்பின ஏசுவின் உருவத்துடன் ஒரு வண்ணக் கண்ணாடி ஜன்னல் இருக்கிறது. செய்தி கேட்டுக் கலங்கிய வேல்ஸ் நாட்டு மக்கள் காசு சேர்த்து அனுப்பிய பரிசு அது. எதிரே உள்ள பூங்காவில், பாய வரும் போலீஸ் நாய்களின் சிலைகளுக்கு நடுவே நடந்து போகலாம். பக்கத்திலேயே சிவில் ரைட்ஸ் மியூசியமும் உண்டு.

குழந்தைகளோடு போகிறீர்களா?

மாநிலத்தின் வடக்கே டஸ்கம்பியாவில் ஹெலன் கெல்லர் பிறந்த வீடு இருக்கிறது. பார்வையும் செவித்திறனும் இல்லாத சிறுமியின் ஒரு கையில் தண்ணீரை ஊற்றி, இன்னொரு கையில் 'வாட்டர்' என்று ஆசிரியை ஆன் சல்லிவன் எழுதிக்காட்டிய கதை நினைவிருக்கிறதா? 1887-ல் அது நடந்த தண்ணீர் பம்ப்பை அங்கே பார்க்கலாம். ஹன்ட்ஸ்வில் விண்வெளி மியூசியத்தில், மனிதனை நிலவுக்கு அனுப்பிய சாட்டர்ன் 5 வகை ராக்கெட்டைப் படுக்கவைத்திருக்கிறார்கள். நீளம் 110 மீட்டர்!

கிளம்பும் முன்...

* கார் அவசியம். மான்ட்கோமரி, செல்மா, பர்மிங்ஹாம் மூன்றுக்கும் மூன்று நாள் ஒதுக்குங்கள்.
* நினைவிடம், லெகஸி மியூசியம், 2024-ல் திறந்த சிற்பப் பூங்கா மூன்றுக்கும் சேர்த்தே டிக்கெட் 5 டாலர்தான். விடுமுறை நாள்களை இணையத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.
* நினைவிடம் பெரும்பாலும் திறந்தவெளி. கோடை வெயில் நம்மூர் மாதிரியே இருக்கும். காலையிலேயே போய்விடுங்கள்.
* சைவம் சாப்பிடுபவர்கள், கீரைதானே என்று 'காலர்ட் கிரீன்ஸ்' வாங்கிவிட வேண்டாம். பெரும்பாலும் பன்றி இறைச்சி சேர்த்துத்தான் வேகவைப்பார்கள். வெண்டைக்காய் வறுவலும் கார்ன் பிரெட்டும் கிடைக்கும்.

அலபாமா முழுக்க மனம் மாறிவிட்டது என்று நினைத்துவிட வேண்டாம். மார்ட்டின் லூதர் கிங் பிறந்தநாள் விடுமுறையை, அடிமை மாநிலங்களின் தளபதி ராபர்ட் லீயின் பெயரையும் சேர்த்துத்தான் இந்த மாநில அரசு இன்றும் விடுகிறது. பழைய சிலைகளை அகற்றத் தடைபோடும் சட்டமும் இருக்கிறது. எந்த வரலாற்றை நினைவில் வைப்பது என்ற சண்டை அங்கே இன்னும் முடியவில்லை. அந்தச் சண்டைக்கு நடுவில்தான், தங்கள் ஊர்த் தூணை எடுத்துப்போய் நட்டுக்கொள்ள யாராவது வருவார்கள் என்று அந்தக் குன்றின் மேல் காத்திருக்கிறார்கள்.