நண்பன் தந்த ஞாயிறு

சென்ற விடுமுறையிலே சிங்கப்பூருக்குச் செல்லும் வாய்ப்பொன்று எனக்குக் கிட்டியது. என்னோடு ஒரே வகுப்பிற் படித்து, குடும்பச் சுமையினால் கல்வியை இடையில் நிறுத்திய நண்பனொருவன் அங்கே கட்டட வேலை செய்கின்றான். "ஞாயிற்றுக்கிழமை வா மச்சான், ஆறுதலாச் சுத்திப் பார்ப்போம்" என்று அழைத்தான்.

1859இல் நிறுவப்பட்ட தாவரவியற் பூங்காவிலே அவசரமின்றி நடந்தோம். இறப்பர் மரமொன்றைக் கண்டதும், நான் படித்தவற்றை ஒப்புவிக்கத் தொடங்கினேன். 1876இல் இலண்டன் கியூ பூங்காவிலிருந்து இலங்கைக்கு இறப்பர்க் கன்றுகள் வந்தன. மறு ஆண்டு 22 கன்றுகள் சிங்கப்பூரை அடைந்தன என்றெல்லாம் விளக்கினேன்.

நண்பன் மரப்பட்டையிலே விரலை வைத்துச் சரிவாக ஒரு கோடு இழுத்தான். "இப்படித்தான் வெட்டணும். ஆழமா வெட்டினா மரம் காயப்பட்டிரும். அப்பா சொல்லிக்கொடுத்தது" என்றான். கேகாலைத் தோட்டமொன்றிலே பால் வெட்டியவர் அவன் தந்தை. நான் கூறிய வரலாற்றிலே கன்றுகளுக்கு ஆண்டும் எண்ணிக்கையும் இருந்தன. பால் வெட்டிய கைகளுக்கு இடமிருக்கவில்லை. நான் மௌனமானேன்.

மாலையிலே சிராங்கூன் சாலையில் தேநீர் அருந்தினோம். என்னைத் தடுத்து, அவனே பணம் கொடுத்தான். மறுநாள் விடியுமுன் வேலைக்குப் புறப்பட வேண்டுமென விடைபெறும்போதுதான் சொன்னான். ஆறு நாள் உழைப்பின் பின் கிட்டும் ஒரேயொரு ஓய்வு நாளை அவன் எனக்கு ஈந்திருந்தான்.

இனி இறப்பரைப் பற்றி எழுத நேர்ந்தால், அவன் தந்தையிடமிருந்தே தொடங்குவேன்.