கேபிளின் விலையும் கடைசி வரிசையும்



ஆலயத்தின் ஒலியமைப்பைப் புதுப்பிக்க வந்திருக்கும் விலைப்பட்டியலைக் குறித்து உங்களில் பலர் என்னிடம் கேட்டீர்கள். ஸ்பீக்கரின் விலையையோ ஆம்ப்ளிஃபயரின் விலையையோ ஒருவரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கேபிளுக்கு மட்டும் இவ்வளவு பணமா என்பதே எல்லாருடைய கேள்வி. "அதில் கேட்டால் வித்தியாசம் தெரியும் ஐயா" என்று இசைக்குழு வாலிபர்கள் மனதார நம்புகிறார்கள். விடியுமுன் மல்லிகை பறித்து, நிலக்கோட்டைப் பூச்சந்தையில் விற்றுவிட்டு ஆராதனைக்கு வருகிறவர்களின் காணிக்கையும் இந்தப் பணத்தில் இருக்கிறது. ஆகையால் சோதித்துப் பாராமல் கையொப்பமிட எனக்கு மனமில்லை.

கம்பியினால் செவிக்கு எட்டும் வேறுபாடு மெய்யாகவே உண்டு. நம் ஆம்ப்ளிஃபயரிலிருந்து கடைசித் தூண்வரை ஏறக்குறைய 30 மீட்டர். மின்சாரம் போய்த் திரும்ப வேண்டுமாதலால் 60 மீட்டர் செம்பு. அது 0.5 சதுர மில்லிமீட்டர் மெல்லிய கம்பியானால் மின்தடை சுமார் 2 ஓம். 8 ஓம் ஸ்பீக்கரை அதில் இணைத்தால் மின்னழுத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு வழியிலேயே போய்விடும். 2.5 சதுர மில்லிமீட்டர் கம்பியில் அந்த இழப்பு இருபதில் ஒரு பங்காகக் குறைகிறது. வீட்டில் பிளக் பாயின்டுக்கு இழுக்கிற சாதாரணச் செம்புக் கம்பியில் கிடைக்கும் தடிமன்தான் அது. தடிமனுக்குக் கொடுக்கும் பணத்துக்குப் பலன் உண்டு. அதற்குமேல் ஏறும் விலைக்குத்தான் கணக்குக் கேட்கிறேன்.

மைக் கேபிளின் காரியம் வேறு. மைக்கிலிருந்து வருவது மிக நுண்ணிய மின்னலை. அதைச் சுமக்கும் இரண்டு கம்பிகளிலும் வெளி இரைச்சல் சமமாக நுழைவதால், மிக்ஸர் அதைக் கழித்துவிடுகிறது. சுற்றியுள்ள கவசப் பின்னல் அறுந்தாலோ, பற்றவைப்பு விட்டாலோ அந்த ஒழுங்கு கெட்டு, பிரசங்கம் முழுவதும் ஓர் உறுமல் தொடரும். எனவே உறுதியான மைக் கேபிளுக்குச் செலவிடத் தயங்கவேண்டாம். தங்க முலாம் பூசிய முனையில் களிம்பு ஏறாது என்பதும் உண்மை. போதகரின் குரலை அது பொன்னாக்கும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள்!

2007-ஆம் ஆண்டு அமெரிக்க மாயவித்தைக் கலைஞர் ஜேம்ஸ் ராண்டி ஒரு சவால் விடுத்தார். 12 அடி நீளத்துக்கு 7,250 டாலர் விலையுள்ள பியர் நிறுவனத்தின் ஸ்பீக்கர் கேபிளை, விலை குறைந்த வேறொரு கேபிளிலிருந்து காதால் மட்டும் பிரித்தறிவோருக்குப் பத்து லட்சம் டாலர் பரிசு. ஒலிக்கருவி விமர்சகர் ஒருவர் முன்வந்தார், கேபிள் நிறுவனம் விலகிக்கொண்டது, சோதனை நடக்கவேயில்லை. நடவாத சோதனையை நான் எந்தப் பக்கத்துக்கும் சாட்சியாக நிறுத்தமாட்டேன்.

ஈசாக்கை நினைத்துப் பாருங்கள். கண் மங்கிய அந்த முதியவர் யாக்கோபின் குரலைச் சரியாகவே அடையாளம் கண்டார். ஆயினும் கையில் தட்டுப்பட்ட ஆட்டுத்தோலின் ரோமத்தையும், ஏசாவின் உடையில் வீசிய வாசனையையும் நம்பி, செவி சொன்னதைத் தள்ளிவிட்டார். விலைச்சீட்டும் பளபளக்கும் பின்னல் உறையும் நமக்கு அந்த ஆட்டுத்தோல்.

சென்ற சனிக்கிழமை பாடகர் பயிற்சிக்குப் பின், மாதிரிக்கு வந்த கேபிளையும் 2.5 சதுர மில்லிமீட்டர் கம்பியையும் மாற்றி மாற்றி இணைத்து ஒரே கீர்த்தனைப் பதிவைக் கேட்டோம். எது எது என்று சொல்லிவிட்டு இணைத்தபோது, விலையுயர்ந்ததே தெளிவு என்று எல்லாரும் சொன்னார்கள். பிறகு திரையிட்டு, ஒலியளவைச் சமப்படுத்தி, நாணயம் சுண்டி மாற்றினோம். (ஒலியளவு சற்றே கூடினாலும் அதைத் தெளிவு என்று காது எடுத்துக்கொள்ளும், கடையில் கேட்கும்போது இதைக் கவனியுங்கள்.) இம்முறை ஊகத்துக்கு மிஞ்சி எவருக்கும் தேறவில்லை. ஒரு தடவை எதையும் மாற்றாமலே "மாற்றியாயிற்று" என்றோம். இருவருக்கு வித்தியாசம் கேட்டது! அந்த வாலிபர்களே வாய்விட்டுச் சிரித்தார்கள். ஒரு மாலைநேரத்துச் சோதனைதான். ஆனாலும் நம் ஆலயத்தில், நம் காதுகளால் செய்தது.

அன்றே கடைசி வரிசையில் அமர்ந்து வேதவாசிப்பைக் கேட்டேன். வெறுஞ்சுவரும் டைல்ஸ் தரையும் ஒலியைத் திருப்பியனுப்ப, ஒரு சொல்லின்மேல் அடுத்த சொல் ஏறி நின்றது. நம் மூத்த தாய்மார் அங்கேதான் உட்காருகிறார்கள். எந்தக் கேபிளும் இதைத் தீர்க்காது. பின்சுவருக்குக் கனத்த திரைகள், கடைசித் தூண்களில் தாழ்வாக இரண்டு சிறிய ஸ்பீக்கர்கள், வாசிப்பவர் மைக்கைவிட்டு ஒரு சாணுக்குமேல் விலகாமை: கேபிளில் மிச்சமாகும் பணத்தை முதல் இரண்டுக்கும் கேட்கப்போகிறேன். மூன்றாவதற்குச் செலவே இல்லை.

கமிட்டி கூடுமுன் இன்னும் மூன்று ஞாயிறுகள் உள்ளன. அவற்றில் மாதிரிக் கேபிள் எந்த ஞாயிறு, சாதாரணக் கம்பி எந்த ஞாயிறு என்பது ஆலயப் பணியாளருக்கு மட்டுமே தெரியும், எனக்கும் தெரியாது. கடைசி மூன்று வரிசைகளில் அமர்கிறவர்கள், வாசிப்பில் விளங்காமற்போன சொற்களை ஒரு சீட்டில் குறித்து, வாசலிலுள்ள மேசையில் வைத்துச் செல்லுங்கள். எழுத இயலாத பெரியவர்களுக்குப் பக்கத்தில் இருப்பவர் எழுதிக்கொடுங்கள்.